சுறா மார்க் ஜாடை

மெட்ராஸுக்குச் சென்னை என்று பெயர் மாறிய வருஷத்தில்தான் ரம்பக் கம்பெனியும் இடம் மாறப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள்.

நந்தனத்தில் காலேஜ் மைதானத்தைத் தாண்டி, அடையாற்றை நோக்கி இறங்கும் தெருவின் முடிவில் அது இருந்தது. பலகையில் சண்முகசுந்தரம் ரம்பம் மற்றும் வெட்டுக்கருவித் தொழிற்சாலை என்று நீளமாக எழுதியிருந்தாலும், பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு சுறா வரைந்திருந்ததால் தபால்காரர் முதல் ஆட்டோக்காரர் வரை எல்லோருக்கும் அது சுறாக் கம்பெனி.

சண்முகசுந்தரம் முதலில் மயிலாப்பூர்க் குளத்தருகே சீமை ரம்பங்களை வாங்கி விற்றவர். யுத்தம் வந்து கப்பல் நின்றது. சாந்தோம் கரையில் படகு கட்டுகிறவர்கள் தினமும் கடைக்கு வந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. மரவாடிகளில் தேய்ந்துபோன பெரிய ரம்பங்கள் துருப்பிடித்துக் கிடந்தன. பல்தான் போயிருந்தது, இரும்பு முதல் தரம். அவற்றை வாங்கி, வெட்டி, சின்னக் கைரம்பங்கள் ஆக்கினார். முதலில் செய்தவை மரத்தில் வைத்ததும் ஒடிந்தன. படகுக்காரர்கள் ஒடிந்த துண்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்து, எந்த இடத்தில் ஒடிந்தது, எந்த மரத்தில் ஒடிந்தது என்று சொன்னார்கள். அப்படித்தான் கம்பெனி கற்றுக்கொண்டது. அந்தப் படகுக்காரர்களுக்கான நன்றிக்குத்தான் பலகையில் சுறா. பிறகு வட்ட ரம்பம், இரும்பறுக்கும் பிளேடு, உளி என்று பெருகியது.

ரம்பம் என்றால் பல் வைத்த தகடு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல் வைப்பது அதில் சுலபமான வேலை. தகட்டைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கடினமாகும், ஆனால் கண்ணாடி மாதிரி உடையும். உடையாமல் இருக்க இன்னொரு முறை இளஞ்சூட்டில் வாட்ட வேண்டும். வாட்டியதும் தகடு கோணிக்கொள்ளும். அதைத் தட்டி நேராக்க வேண்டும். வட்ட ரம்பம் என்றால் நேராக்கினால் மட்டும் போதாது. சுற்றும்போது அதன் ஓரம் மரத்தோடு உரசிச் சூடாகிறது. சூடான இரும்பு நீளும். ஓரம் நீண்டு நடுப்பகுதி அப்படியே இருந்தால் தகடு பொரித்த அப்பளமாக நெளிந்துவிடும். அதனால் முன்கூட்டியே நடுப்பகுதியைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கொஞ்சம் தளர்த்தி வைக்கிறார்கள். சும்மா நிற்கும்போது தொளதொளவென்று இருக்கிற தகடு, ஓட ஆரம்பித்ததும் தானே இறுகி நிமிர்ந்து நிற்கும்.

அந்தத் தட்டுகிற வேலைதான் புகழேந்திக்கு. பட்டடையின் மேல் தகட்டை வைத்து, எங்கே எவ்வளவு அடி என்று பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும். ஒரு பக்கம் இவர்களுடைய சுத்தியல்கள், இன்னொரு பக்கம் பல் வெட்டும் பிரஸ்கள், மூலையில் சாணைச் சக்கரங்கள். எல்லாம் ஒரே தகரக் கூரையின் கீழ்.

புகழேந்தியின் வீடு ஆற்றோரத்தில், கம்பெனியிலிருந்து நடக்கிற தூரம். ஒற்றை அறை. வாசல் ஆற்றைப் பார்த்தது. அடுப்பு எதிர்ச் சுவரின் மூலையில். ஒரே பல்பு வாசல்படிக்கு மேலே தொங்கியது. அவருடைய மனைவி பொன்மணி சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. நாள் முழுக்க நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் கூச்சலில் இருந்துவிட்டுச் சாயங்காலம் வந்து அடுப்பு மூட்டுவாள். புகழேந்தி வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, வாசல்படியில் ஆற்றைப் பார்த்தபடி உட்காருவார். அவளுக்கு அவருடைய முதுகு தெரியும். அவர் திரும்பினால் அவளுடைய முதுகு தெரியும்.

ஆரம்பத்தில் பொன்மணி நிறையப் பேசினாள். இரண்டாம் வகுப்பு டீச்சர் புதுச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனது, அக்கா தாயம்மா வாங்கி வைத்த வஞ்சிரத்தைப் பூனை தூக்கியது, எல்லாம் சொல்வாள். பதில் வராது. மகள் கல்யாணமாகி அரக்கோணத்துக்குப் போன பிறகு அந்தப் பதிலில்லாமை அறை முழுக்கப் பரவிவிட்டது. தட்டை எதிரில் வைத்தால் முகத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத குரலில், "போதும்" என்பார். சில நாள், "மீனு நல்லாகீது" என்பார். அவ்வளவுதான். பொன்மணி அடுப்பைப் பார்த்துப் பேசுவதை மட்டும் விடவில்லை. அதை யாரும் கேட்கிறார்கள் என்ற எண்ணம்தான் போய்விட்டது.

கம்பெனி ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால் போகிறது, அங்கேயே வரிசை வீடு கட்டித் தருகிறார்கள் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். புகழேந்தி சொல்லவில்லை. அன்று பொன்மணி ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே தன் முடிவைச் சொன்னாள்.

"இந்தாயா, நான் அங்கெல்லாம் வரல. ஸ்கூல் வேலய வுட்டுட்டு அந்தப் பொட்டல்ல வந்து சொவுத்த பாத்துகினு குந்தச் சொல்றியா? நான் தாயம்மா வூட்டோட இருந்துக்கறேன். நீ போ."

வாசல்படியில் இருந்த முதுகு அசையவில்லை. இரண்டு நாள் கழித்து, கருவாடு வறுக்கும்போது திரும்பவும் சொன்னாள். அப்புறம் துணி மடிக்கும்போது. எதற்கும் பதில் இல்லை.

அக்கா தாயம்மா சாந்தோம் குப்பத்தில் மீன் விற்கிறவள். விஷயத்தைக் கேட்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாதான் சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"சொல்லலன்னா போன்னு அர்த்தம்டி. ஒரு பேச்சுக்காச்சும் வாமேன்னு கூப்ட வேணா? கல்லுப் புள்ளையாரு மேல பூ வச்சுக் கேட்டாகூட அது ஒரு பக்கமா வுழுந்து பதில் சொல்லும்."

ஆயுத பூஜையன்று சாயங்காலம் தாயம்மா ஆட்டோவில் வந்து பொன்மணியையும் அவளுடைய தகரப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வண்டி வந்து சாமான்களை ஏற்றும். அதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்றாள் பொன்மணி. வண்டியில் தன் பெட்டியை மட்டும் ஏற்றாமல் நிற்கிற காட்சியைத் தெருவுக்குக் காட்ட அவளுக்கு விருப்பமில்லை.

நந்தனத்தில் அதுதான் கடைசி ஆயுத பூஜை. வழக்கமாகக் குடும்பத்தார் கேட்டுக்கு வெளியே பொரி, கடலை, சுண்டல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த முறை ஃபோர்மேன் அனந்தராமன் கேட்டைத் திறந்துவிட்டு, "எல்லாரும் உள்ள வந்து பாருங்கோ, ஆத்துல இவா எல்லாம் எப்பப் பாத்தாலும் கம்பெனி கம்பெனின்னு சொல்லிண்டிருப்பாளே, அது என்னன்னு பாத்துட்டுப் போங்கோ" என்றார். தன் வீட்டில் அப்படி யாரும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை என்று நினைத்தபடி பொன்மணி உள்ளே போனாள்.

மழை வருவதுபோல வானம் இருண்டு, பெய்யாமல் புழுங்கியது. பிரஸ்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பட்டடைகளைக் கழுவிச் சாமந்தி சுற்றியிருந்தார்கள். சின்னதிலிருந்து பெரியதுவரை ரம்பங்களைச் சுவரோரமாகச் சாத்தி வைத்திருந்தார்கள். வருஷத்தில் மெஷின் ஓடாத நாள் என்பதால் கூரையில் காக்கை நடப்பதுகூடக் கேட்டது.

அந்த அமைதியில்தான் அவள் அதைக் கவனித்தாள். ஆண்கள் தங்களுக்குள் வாயால் பேசவில்லை. கைகளால் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சத்தத்துக்குள் வேலை செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் இப்படி ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். சுறாக் கம்பெனியில் அது ஒரு பாஷையாகவே வளர்ந்திருந்தது. கட்டைவிரலை வாயருகே சாய்த்தால் டீ. உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமர்த்தினால் வேகத்தைக் குறை, மெதுவாக. நெற்றியில் ஒரு விரலை மேல்நோக்கி இழுத்தால் நாமம் போட்ட ஃபோர்மேன். ஆளுக்கு ஆள் ஒரு ஜாடைப் பெயர். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஜாடைப் பெயர் விழுந்தால்தான் அவர் கம்பெனி ஆள். ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால், மெஷின் துடைக்கிற பஞ்சைச் சுருட்டி அவர் தோளில் எறிவார்கள். மெஷின் நின்ற நாளிலும் அவர்களால் பழக்கத்தை விட முடியவில்லை.

சாணைச் சக்கரத்தருகே ஒரு கும்பல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. நடுவில் நின்று சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர் புகழேந்தி. அவருடைய பத்து விரலும் ஓடின. புருவம் ஏறி இறங்கியது. இல்லாத குழாயைத் திறந்தார். இல்லாத நாமத்தைக் கழுவாமல் தலையை மட்டும் பின்னால் சாய்த்து இல்லாத தண்ணீரில் குளித்தார். ஒருவர் சிரிப்புத் தாங்காமல் தூணைப் பிடித்துக்கொண்டார். புகழேந்தி அவருக்கும் விடாமல் ஏதோ பதில் கொடுத்தார்.

பொன்மணி அந்த விரல்களையே பார்த்தாள். இவ்வளவு பேச்சையும் இங்கே கொட்டிவிட்டு, காலிப் பாத்திரமாகத் தன்னிடம் வந்துகொண்டிருந்திருக்கிறார்.

பக்கத்தில் குலாம் ரசூல் பொரி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். புகழேந்திக்கு எதிர்ப் பட்டடை அவருடையது. புகழேந்தி என்ன சொல்கிறார் என்று அவரிடம் பொன்மணி கேட்டாள்.

"புது வூட்டப் பத்திதாம்மா," என்றார் ரசூல். "போன வாரம் கம்பெனி வண்டில கூட்டிகினு போயி காட்னாங்கல்ல. வூட்டுக்குப் பின்னாடியே தனிக் கொழா கீது. இங்க லாரித் தண்ணிக்கு நீ கொடத்தோட நிக்கிறியாம், இனிமே குந்துன எடத்துலயே புடிச்சிக்கலாமாம். ஃபோர்மேன் நாமம் அழியாம அதுல குளிக்க வருவாருன்னு நடிச்சிக் காட்றாரு."

"என்னப் பத்தியா சொல்றாரு?"

"பின்ன? காத்தாலேர்ந்து உன்னப் பத்திதான்."

"எனக்கும் ஜாடை கீதா? இன்னா ஜாடை?"

ரசூல் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு, தன் மனைவி அமீனா பீக்குக் கன்னத்தில் வெற்றிலை அடக்குவது போல ஜாடை என்று செய்து காட்டினார். வீட்டிலிருந்து யார் என்ன கொடுத்தனுப்பினார்கள் என்று மதியச் சாப்பாட்டில் பேச்சு வரும், அதற்காக எல்லா வீட்டுக்காரிக்கும் ஒரு ஜாடை உண்டு என்றார். தன்னுடையதைச் சொல்லும்படி பொன்மணி திரும்பவும் கேட்டாள்.

அவர் இரண்டு விரலால் தன் உதடுகளைச் சேர்த்துப் பிடித்துக் காட்டினார்.

"தப்பா எடுத்துக்காத தங்கச்சி. பேசாதவங்கன்னு அர்த்தம். வூட்ல நீ வாயே தொறக்க மாட்டேன்றன்னு ரொம்ப வருசமா சொல்லிகினு கீறாரு. ஏதோ கோவம், கேக்க தைரியம் வரலன்னுவாரு."

பொன்மணிக்குக் காதெல்லாம் சூடாயிற்று. நேராகக் கும்பலுக்குள் போய் அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"யோவ். நானா பேசாதவ?"

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். புகழேந்தி திரும்பவில்லை. விரல்கள் குழாயடிக் கதையை ஓட்டிக்கொண்டேயிருந்தன.

"உன்னத்தாயா."

அவள் மூச்சு அவருடைய சட்டைக் காலரில் படுகிற தூரத்தில் இருந்தது. அவர் திரும்பவில்லை. எதிரில் நின்ற ஒருவர் பதறிப்போய்ப் பஞ்சுருண்டையை எடுத்து அவர் தோளில் எறிந்தார். உடனே புகழேந்தி சிரித்த முகத்தோடு திரும்பினார். பொன்மணியைப் பார்த்தார். கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டன. சிரிப்பு போய், அவளுக்குத் தெரிந்த வீட்டு முகம் வந்துவிட்டது.

பொன்மணி வெளியே நடந்தபோது கேட்டுவரை ரசூல் கூடவே வந்தார். ஃபோர்மேன் காதில் இதைப் போட வேண்டாம் என்று கெஞ்சினார். தங்கள் எல்லோருக்குமே காது கொஞ்சம் மந்தம், புகழேந்திக்கு மட்டும் முழுதாகப் போய்விட்டது என்றார். தகடு இறுகியதா தளர்ந்ததா என்பதைத் தட்டும்போது வருகிற நாதத்தில்தான் கண்டுபிடிப்பது. காது போனவரைச் சுத்தியலில் வைக்க மாட்டார்கள், காகிதம் சுற்றுகிற பேக்கிங்கில் உட்கார வைத்துவிடுவார்கள். நாதம் நின்றுபோன பிறகு புகழேந்தி தகட்டின் ஓரத்தை நகத்தால் பிடித்து, அதன் நடுக்கத்தை வைத்தே வேலையை ஓட்டிக்கொண்டிருக்கிறார். பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்மா. கூடவே கீறியே," என்றார் ரசூல்.

காது இப்படித் தொழிலில் போகும்போது ஒரே நாளில் போவதில்லை. முதலில் கீச்சென்ற சத்தங்கள் போகும்: சைக்கிள் மணி, பிள்ளைகளின் குரல், பெண்களின் குரல். கனத்த சத்தங்கள் கொஞ்சகாலம் நிற்கும். பிறகு அவையும் போகும். தன் குரலே தனக்குக் கேட்காதபோது அது எவ்வளவு உயரம் என்று ஒருவருக்குத் தெரியாது. கத்திவிடுவோமோ என்று பயந்தால் ஒன்று முணுமுணுக்க வேண்டும், இல்லாவிட்டால் பேசாமல் இருக்க வேண்டும்.

பொன்மணி ஆற்றோரமாக நடந்தாள். மகளின் நிச்சயதார்த்தம் நினைவுக்கு வந்தது. சம்பந்தி வீட்டார் சாப்பாட்டைப் பற்றி ஏதோ கேட்க, இவர் சத்திரமே அதிரும்படி பதில் சொன்னார். சண்டைக்கு வருகிறார் என்று அவர்கள் எழுந்துவிட்டார்கள். காலில் விழாத குறையாக உட்கார வைத்தது பொன்மணிதான். அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் எதிரில் உட்கார்ந்து, தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பி, இனிமேல் வாயைத் திறக்காதே என்று சொன்னாள். அத்தனை வருஷத்துப் பேச்சில் அவர் முழுதாக வாங்கிக்கொண்டது அந்த ஒன்றைத்தான் என்று இப்போது தோன்றியது. 

புகழேந்தி சாயங்காலம் பொரியும் பூசணிக்காய்த் துண்டுமாக வந்தார். நெற்றியில் குங்குமம். அவள் முகத்தைப் பார்க்காமல் கைகால் கழுவிவிட்டு வாசல்படிக்குப் போனார். பொன்மணி அடுப்பு மூட்டவில்லை. பல்பைப் போட்டாள். கட்டி வைத்திருந்த தகரப் பெட்டியை வாசலுக்கு வெளியே அவருக்கு எதிரில் இழுத்துப் போட்டு, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி அதன் மேல் உட்கார்ந்தாள். அவருடைய முழங்காலைத் தட்டினாள்.

அவர் பார்த்தார். முகத்தை அல்ல, உதட்டை. பெட்டியையும் பார்த்தார்.

"புது வூட்டுக்கு நான் வரலன்னு சொன்னேன்ல," என்றாள்.

வார்த்தையைப் பொறுக்கி எடுப்பதுபோல அவர் கண்ணைச் சுருக்கினார். பிறகு முணுமுணுப்பாக, "எப்ப சொன்ன?" என்றார்.

புளி கரைக்கும்போது சொன்னது, கருவாடு வறுக்கும்போது சொன்னது எல்லாம் அவள் வாய்வரை வந்தன.

"இப்பதான் சொல்றேன்."

"ஏன்?"

"பேச ஆளில்லாம என்னால கெடக்க முடியாதுயா."

புகழேந்தியின் கைகள் மடியில் எதையோ சொல்ல ஆரம்பித்து, அவளுக்கு அது புரியாது என்று நினைவு வந்ததுபோல நின்றன. அப்புறம் வாயைத் திறந்தார்.

"எனக்குக் காது கேக்கல பொன்மணி."

தெருவே கேட்டது. பக்கத்து வீட்டு ரேடியோ பட்டென்று நின்றது.

"ரொம்ப நாளா கேக்கல. நீ பேசிகினா இருந்த? இத்தினி நாளும் பேசிகினா இருந்த?"

லாரித் தண்ணீருக்கு நின்ற பெண்கள் குடங்களோடு திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை காலம் கம்பெனியிடம் மறைத்ததை அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளங்கையை அமர்த்திக் காட்டினால் குறைத்துக்கொள்வார் என்று பொன்மணிக்குத் தெரியும். அவள் கையைத் தூக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"இன்னா பேசின?"

அவளுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. பூனை தூக்கிய வஞ்சிரத்திலிருந்து தொடங்கினாள். நிறுத்தி நிறுத்தி, உதட்டை நன்றாகப் பிரித்துப் பேசினாள். அவர் புரியாத இடத்தில் கையைத் தூக்கினார். அவள் திரும்பச் சொன்னாள்.

தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனம் தெளித்திருந்தது. தாயம்மா இறங்கி, "இன்னாடி, ரெடியா?" என்று கூப்பிட்டாள். ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தினார். விட்டு விட்டு அழுத்தினார்.

தலையைத் திருப்பினால் அவருக்குப் பேச்சு அறுந்துவிடும். பொன்மணி திரும்பவில்லை. புதுச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போன டீச்சரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் தாயம்மா ஏதோ சொல்வதும், ஆட்டோக்காரர் அலுத்துக்கொள்வதும், ஆட்டோ திரும்பி மேட்டில் ஏறிப் போய்ச் சத்தம் ஓய்வதும் அவளுக்கு மட்டும் கேட்டது.